ஆளில்லாத வயலில் நான்கு பேர்

"வன்னியில வேலைக்கு ஆளில்லை." இந்தத் தை மாதத்தில் இதை எத்தனை பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள் என்று நினைவில்லை. கடைசியாகச் சொன்னவர், என்னோடு வேலை செய்பவரின் ஒன்றுவிட்ட அண்ணர். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டில், பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார். கிளிநொச்சிக்குப் பக்கத்தில், உருத்திரபுரத்தில் அவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் வயல்.

"சனம் சோம்பேறியாப் போச்சுது தங்கச்சி. நம்பாட்டி வந்து பாருங்கோ. நெல் அருவி வெட்டு நடக்குது."

பொருளியல் படித்த காலத்திலிருந்தே, கூலி எவ்வளவு என்று சொல்லாமல் ஆளில்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அடுத்த சனிக்கிழமையே போனேன்.

நான் இருக்கும் வவுனியாவில் காலை ஐந்தரைக்குப் பஸ். கிளிநொச்சிக்கு எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. முந்நூறு ரூபாய் கையில் இருந்தால் போதும். ஏ9 வீதி நல்ல வீதி, தூங்கலாம். தூங்காவிட்டால் கனகராயன்குளத்தில் தேநீர்க் கடைக்கு எதிரே ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஆடைத் தொழிற்சாலையின் பஸ்ஸுக்காக இளம் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் சாப்பாட்டுப் பெட்டி. இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவரைத் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

கிளிநொச்சியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். ஆறேழு கிலோமீற்றருக்கு சாரதி எழுநூறு ரூபாய் கேட்டார், அறுநூறுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். முன்பு சூடடிக்கும் உழவு இயந்திரம் ஓட்டியவராம்.

"மெசின் வந்தாப் பிறகு கையால வெட்டும் இல்லை, தனியச் சூடடிப்பும் இல்லை அக்கா. வெட்டுறதும் அதுதான், நெல்லைப் பிரிக்கிறதும் அதுதான். நான் ஓட்டோவுக்கு வந்திட்டன்."

"சொந்த ஓட்டோவா?"

"ஓட்டோ லீசிங் கொம்பனிக்காரன்ர. குண்டும் குழியும் மட்டும் என்ர."

வயல் வேலை செய்த பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன்.

"இளசுகள் காமென்ற்ஸ் பஸ்ஸில ஏறுதுகள். நாப்பது தாண்டினதுகளை அங்க எடுக்காயினம். கண் தெரியாதாம். கதிர் பொறுக்கேக்க அவையின்ர கண்ணைப் பாக்கோணும் நீங்கள்."

வயலுக்குப் போனபோது எட்டரை மணி. அண்ணர் வரம்பில் நாற்காலி போட்டு இருந்தார். அறுவடை இயந்திரம் வீதியோரம் நின்றது. அதன் சாரதி இயந்திர நிழலில் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயலின் முதல் துண்டில் நான்கு பெண்கள் அரிவாளோடு மூலைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மூலை வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதில்தான் அன்றைய நாள் கெட்டது. இயந்திரம் வயலின் மூலையில் திரும்ப முடியாது. திரும்பினால் அங்குள்ள நெல்லை மிதிக்கும். அதனால் அது வயலுக்குள் இறங்கும் வாயையும் நான்கு மூலைகளையும் முதலில் கையால் வெட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் முழு வயலையும் வெட்டிய பெண்களுக்கு இப்போது மிச்சம் இருப்பது இந்த மூலைகள்தான். அதற்குக் கூலி கிடையாது. பதிலுக்கு, இயந்திரம் போன பிறகு அது விட்டுச் சென்ற கதிரை அவர்கள் பொறுக்கலாம். மழைக்குச் சாய்ந்த நெல்லை இயந்திரம் சரியாக எடுக்காது. இந்த முறை நிறையச் சாய்ந்திருந்தது.

பாக்கியம் (பெயரை மாற்றியிருக்கிறேன்) அந்த நால்வரில் மூத்தவர், நாற்பத்துமூன்று வயது. பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து இங்கே குடியேறியவர்கள். இவர் பிறந்தது வன்னியில். மகள் தொழிற்சாலைக்குப் போகிறாள். அந்தச் சம்பளம் நுண்கடனுக்கே சரியாகிவிடும் என்றார்.

"அரிசி இதில இருந்துதான் அக்கா. ஒவ்வொரு வயலாப் பொறுக்கினா ஆடி வரைக்கும் கடையில அரிசி வாங்கத் தேவையில்லை. இந்த வயலுக்கு இண்டைக்கும் நாளைக்கும் போதும்."

முதல் துண்டின் மூலைகள் முடிந்தன. இயந்திரம் இறங்கி வெட்டிவிட்டு ஏறியது. பெண்கள் உரப்பைகளோடு இறங்கப் போனபோதுதான் பாக்கியம் வாய்க்கால் கரையைப் பார்த்தார். அங்கே ஒரு மாட்டுப்பட்டி நின்றது, ஐம்பது அறுபது மாடு இருக்கும்.

"ஐயா, மாடு எப்ப விடுறியள்?"

"இப்பத்தான். வெட்ட வெட்ட விடச் சொல்லியிருக்கிறன். மாட்டுக்காரன் மேய்ச்சலுக்கு முற்காசு தந்திட்டான்."

"அப்ப நாங்கள் எப்ப பொறுக்கிறது?"

"மாட்டுக்கு முன்னால ஓடி ஓடிப் பொறுக்குங்கோவன். ஆர் வேண்டாமெண்டது?"

கரையில் நின்ற மாட்டுக்காரர் சிரித்தார். பெண்கள் சிரிக்கவில்லை.

பாக்கியம் குரலை உயர்த்தவே இல்லை. "ரெண்டு நாள் பொறுத்து விடுங்கோ ஐயா. இல்லாட்டி மிச்சத் துண்டுகளின்ர மூலைக்கு நாள் கூலி தாங்கோ."

"மூலை வெட்டுறதுக்குக் கூலியோ? உங்கட அப்பன் காலத்தில ஆரும் கேட்டதோ?"

"அப்பன் காலத்தில முழு வயலும் வெட்டி, முழுக் கூலி வாங்கினவையள் ஐயா."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியளே தங்கச்சி? இந்தத் தோட்டக்காட்டுச் சனத்துக்கு இடம் குடுத்தா இதுதான்." அவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். மலையகத் தமிழரை இழிக்கும் அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. எங்கள் படித்த வீடுகளின் குசினியிலும் கேட்டதுதான். நான் சொன்னேன், "அவை கேக்கிறது நியாயம் அண்ணை. மூலை வெட்டினதுக்குக் கதிர் எண்டு பேசிப்போட்டு, கதிரை மாட்டுக்கு வித்திருக்கிறியள்." அவர் கைத்தொலைபேசியை எடுத்தார்.

நால்வரும் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரம்புக்குப் பக்கத்து மருதமர நிழலில் போய் இருந்தார்கள். அண்ணர் ஒருவர் பின் ஒருவராக அழைத்தார். எல்லோரிடமும் ஒரே கதை. "மூலை வெட்ட ஆளில்லை. ஓம், ஒருத்தரும் இல்லை. வேலைக்கு ஆக்கள் கிடைக்கினமில்லை." அவருக்கும் அந்த மரத்துக்கும் இடையே இருபது அடி இருக்கும். பாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னார், "நாங்கள் செத்துப்போனம் போல கிடக்கு." அப்போது மட்டும் சிரித்தார்கள்.

சாரதி அவசரப்பட்டார், அவருக்கு மத்தியானம் வேறு வயல் இருந்தது. வானமும் கறுத்தது. நான்கு பெண்களின் ஒரு நாள் கூலி, அந்த வயலுக்கு ஒன்றும் பெரிதல்ல. இரண்டு நாள் மாட்டை நிறுத்துவதற்குச் செலவே இல்லை. அண்ணர் இரண்டையும் செய்யவில்லை. "இறக்கு" என்றார்.

இயந்திரம் அடுத்த துண்டின் வெட்டாத வாயால் இறங்கியது. ஒவ்வொரு மூலையிலும் முன்னும் பின்னும் போய்த் திரும்பி, விளைந்த நெல்லைச் சேற்றில் அமுக்கியது. சாரதி ஒருமுறை நிறுத்தி, "நட்டமையா" என்று கத்தினார். அண்ணர் கையை ஆட்டினார், போ என்று. தன் நெல் நாசமானாலும் பரவாயில்லை, அந்த நால்வருக்கும் கொடுத்ததாக இருக்கக்கூடாது. படிப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், முதலாளி இலாபத்துக்காகக் கணக்குப் பார்ப்பவன் என்று. அன்று நான் பார்த்தது கணக்கு அல்ல.

பின்னால் மாடுகள் இறங்கின. பாக்கியம் வெறும் உரப்பையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வேற வயலுக்குப் போவம். முதல்ல மாடு நிக்குதோ எண்டு பாப்பம், பிறகுதான் அரிவாள்."

அண்ணர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஆயத்தமாக இருந்தது. நான் சாப்பிடவில்லை. வீதி வரை அந்தப் பெண்களோடு நடந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: தை கடைசி முதல் மாசி வரை அறுவடை நடக்கும். தொப்பியும் தண்ணீரும் கொண்டு போங்கள். வரம்பில் நிழல் இல்லை, மழையும் சொல்லாமல் வரும். உருத்திரபுரத்திலிருந்து திரும்ப ஓட்டோ கிடைப்பது கடினம், போகும்போதே சாரதியின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்திருங்கள். வயல்காரர் யாராவது வேலைக்கு ஆளில்லை என்று சொன்னால், என்ன கூலிக்கு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்து மர நிழலையும் ஒருமுறை பாருங்கள்.

இரவு வவுனியாவுக்கு வந்து சேர்ந்தபோது அண்ணரின் செய்தி வந்திருந்தது. "நேரில பாத்தியள்தானே, ஆளில்லாமல் நான் படுற பாடு."

பார்த்தேன். மருதமரத்தின் கீழ் நான்கு பேர் இருந்தார்கள் என்று பதில் எழுதினேன்.