அம்மா எழுந்து போகாத ஞாயிறுகள்

பதினோரு வயதில் எனக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வேதவசனங்கள் மனப்பாடம். தமிழ் எழுத்து அப்போது எனக்குச் சரியாக வாசிக்க வராது; பள்ளியில் இந்தியில்தான் படித்தேன். அம்மா வசனத்தைச் சொல்லச் சொல்ல இந்தி எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு நெட்டுருப் போடுவேன். பாதி வார்த்தைகளுக்குப் பொருள் தெரியாது. தெரியாமலிருப்பது ஒரு குறையாகவும் தோன்றியதில்லை. தாராவியில் எங்கள் கோயிலின் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. எண்ணிக்கை ஏற ஏற நான் கடவுளுக்குக் கிட்டே போய்க்கொண்டிருக்கிறேன் என்று முழுதாக நம்பினேன்.

எங்கள் வீடு கீழே ஓர் அறை, இரும்பு ஏணி வைத்து மேலே ஒரு தட்டு. சந்து எவ்வளவு குறுகல் என்றால், எங்கள் வாசலில் நின்று கை நீட்டினால் எதிர்வீட்டு வாசலில் நிற்பவர் கையைத் தொடலாம். எதிர்வீட்டில் மாமி இருந்தார். உறவு மாமி இல்லை. மேலப்பாளையத்துப் பக்கத்து முஸ்லிம் குடும்பம்; மாமியின் வீட்டுக்காரர் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அம்மாவும் மாமியும் ஒரே வருஷத்தில் கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்தவர்கள். இந்தி தெரியாத இரண்டு திருநெல்வேலிப் பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பம்பாயைக் கற்றுக்கொண்டார்கள் என்று அப்பா சொல்வார். அம்மா மாமியை மைனி, அதாவது அண்ணி, என்பாள். மாமியும் அம்மாவை மைனி என்பார். மாமிக்குக் குழந்தை இல்லை. எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது பெரும்பாலும் மாமிதான். அம்மாவின் பின்னல் பன்னிரண்டு மணிக்குள் அவிழ்ந்துவிடும். மாமியுடையது மறுநாள் வரை நிற்கும்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். ஆறரை வரை எங்கள் முறை, பிறகு அவர்கள் முறை. அம்மா மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். ஆறேகாலுக்கே கிளம்பிவிடுவாள். குழாயில் பைப்பைச் செருகி, வாசலில் இருக்கும் நீல டிரம்மில் மறுமுனையைப் போட்டு, நிரம்பியதும் எடுத்து எதிர்வீட்டுக்குக் கொடுப்பது என் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை வசனப் போட்டிக்கு இரண்டு நாள்தான் பாக்கி. பைப்பை டிரம்மில் போட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு மேல்தட்டுக்கு ஏறிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பது என் வழக்கம். கண்ணைத் திறந்து இறங்கி வந்தபோது பைப் டிரம்மிலிருந்து நழுவி, தண்ணீரெல்லாம் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரம்மில் கால்வாசிகூட இல்லை. மாமி குனிந்து பைப்பை எடுத்து எங்கள் டிரம்முக்குள் விட்டுக்கொண்டிருந்தார். மணி ஆறரை தாண்டியிருந்தது. அது அவர்களுடைய தண்ணீர். இன்னும் பத்து நிமிஷம் எங்கள் டிரம்மிலேயே விழவிட்டுப் பிறகுதான் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டினாரே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் அம்மா வந்து டிரம்மைத் திறந்து பார்த்தாள். பைப்லைன் வேலை, நாளைக்குத் தண்ணீர் வராது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். அரை டிரம் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் ஓட்டவேண்டும். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், மேல்தட்டு, வசனம், நழுவிய பைப் என்று உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாமி கையில் பைப் இருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது.

“மாமி பைப்பப் பிடுங்கிட்டாங்க” என்றேன்.

அம்மா ஒரே எட்டில் எதிர்வாசலுக்குப் போய்விட்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். தண்ணீரைப் பற்றி அம்மா கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டாள். மாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போது அவர் பார்வை அம்மாவின் தோளைத் தாண்டி என்மேல் விழுந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனத்தைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அம்மாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“ஒரு பிள்ளையப் பெத்து வளத்திருந்தா ஒரு குடம் தண்ணியோட அரும தெரியும்” என்றாள்.

சந்தில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கள்கூட ஒரு நொடி நின்றதுபோல இருந்தது. மாமி பின்வாங்கி உள்ளே போனார். கதவை மெதுவாகச் சாத்தினார். எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முடிவை இரண்டு மாதம் கழித்து, பரிசளிப்பு அன்றுதான் சொல்வார்கள். போட்டி நடந்த அன்று மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் நற்கருணை ஆராதனை. வழக்கமாக அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் வரிசையில் முன்னாலேயே போய்விடுவாள். அன்று போதகர் அழைத்தபிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினாள். அப்பா மட்டும் போனார். என்னைப் போன்ற சிறு பிள்ளைகளும் அம்மாவும் மட்டும் பெஞ்சில் மிஞ்சினோம். வரிசையில் போன பெண்கள் ஒவ்வொருவராக எங்களைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள்.

அழைப்பில் போதகர் ஒவ்வொரு மாதமும் சொல்வது ஒன்றுதான்: அயலாரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் கிட்டி வரவேண்டும். அயலார் என்றால் வெளிநாட்டுக்காரர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். நமக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் என்ன சண்டை, எல்லோரும் போகலாமே என்றுகூட யோசித்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் கேட்டேன். பக்கத்தில் இருப்பவர்கள், எதிர்வீட்டுக்காரர்கள் என்று அப்பா சாதாரணமாகச் சொன்னார். நான் அப்பாவின் கையை விட்டுவிட்டுப் பின்தங்கி நடந்தேன்.

அன்று முதல் எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபம் எனக்குத் தண்டனையாகிவிட்டது. அம்மா கண்ணீரோடு ஜெபிப்பாள். எதிர்வீட்டார் செய்ததை மன்னிக்கிற மனதைத் தனக்குத் தரவேண்டும் என்று கேட்பாள். முடிவில் நானும் ஆமென் சொல்லவேண்டும். சொன்னேன். எத்தனை ஆமென் சொன்னேன் என்று கடவுள் ஒருவருக்குத்தான் தெரியும்.

காலையில் ஆறரைக்கு மாமி கையை நீட்டுவார். நான் பைப்பைக் கொடுப்பேன். முன்பு அந்தச் சமயத்தில் என் பின்னலைச் சரிபண்ணிவிடுவார். இப்போது பைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். நோன்பு மாதம் வந்தது. வருஷம் தவறாமல் சாயங்காலம் தூக்குச்சட்டியில் வரும் கஞ்சி வரவில்லை. பெருநாளும் போயிற்று. அம்மா ஒருநாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே எதிர்வாசலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

இரண்டாவது மாதமும் அம்மா எழுந்திருக்கவில்லை. வடாலாவிலிருந்து கோயிலுக்கு வரும் அத்தை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அப்பாவிடம் விசாரித்தாள். அம்மா செத்துப்போனால் பரலோகத்தின் வாசலிலும் இப்படித்தான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மாவுக்காக இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டேன். புதிதாக இருபது வசனம் படித்தேன். உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கடவுளுக்குக் கொடுத்துப் பார்த்தேன்.

மூன்றாவது மாதம் முதல் ஞாயிறு. அன்றும் அம்மா பெஞ்சிலேயே இருந்தாள். ஆராதனை முடிந்ததும் பரிசளிப்பு. முதல் பரிசுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். போதகர் கையிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டு மாதமாகத் தலையைக் குனிந்துகொண்டு கோயிலுக்கு வந்துபோகும் அம்மா, தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் முந்திக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்து, மேல்தட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பைப்பை மாமி எங்கள் டிரம்மில் விட்டதையும் சொன்னேன். அம்மாவின் கை நின்றது. அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். விழவில்லை. அவள் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள்.

“ரெண்டு மாசமா அவள மன்னிக்கணும்னு முட்டிபோட்டுட்டு இருந்தேன்” என்றாள். “அங்க மன்னிக்க ஒண்ணுமே இல்ல.”

எல்லாம் என்னால்தான், என் பொய்யால்தான் என்று நான் அழத்தொடங்கினேன். அம்மா புறங்கையால் என் முகத்தைத் துடைத்தாள். மீன் வாடை அடித்தது.

“பொய் சொன்னது நீதான். அந்த வார்த்தைய நீயாட்டி எனக்குச் சொல்லித் தந்த? அது என் மனசுல கெடந்திருக்கு. நேரம் பாத்து வந்துருச்சு.” பிறகு எழுந்து கை கழுவினாள். “வா. நீ உன்னதச் சொல்லு. நான் என்னதச் சொல்லுதேன்.”

சந்தைக் கடக்க இரண்டே அடி. அம்மா வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். மாமி பைகளுக்குக் கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து மெஷினை நிறுத்தினார், எழுந்திருக்கவில்லை. நான் சொல்லவேண்டியதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நூறு வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற எனக்கு நாலு வரி வரவில்லை.

மாமி என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். “எனக்குத்தான் அன்னைக்கே தெரியும்லா மைனி.”

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள்.

“சொன்னா நீங்க பிள்ளைய அடிச்சிருப்பிய.”

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பெற்று வளர்க்காதவள் என்று தான் சொன்ன அதே நேரத்தில், தன் பிள்ளையின்மேல் அடி விழாமல் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நின்றவள் எதிரில் இருந்தாள். இதை அம்மா அன்று சொல்லவில்லை. பல வருஷம் கழித்து நற்கருணை வாங்கும் உரிமையைத் தரும் திடப்படுத்தல் எனக்கு ஆவதற்கு முந்தின நாள் சொன்னாள். அன்று அவள் சொன்னது, தான் பேசியது மகா பாவம், மன்னித்துவிடுங்கள் என்பது மட்டும்தான். மூன்று மாதமாகத் தான் கோயிலில் நற்கருணை வாங்கவில்லை என்றும், வாங்குகிற யோக்கியதை தனக்கு இல்லை என்றும் சொன்னாள்.

மாமிக்கு அது புதிய செய்தி. “எனக்காவயா?” என்று கேட்டார். அம்மா தலையசைத்தாள். மாமி நூலை அறுத்தார், மறுபடி கோர்த்தார். பிறகு, “அது உடனே போவாது மைனி. எனக்கு நாளாவும்” என்றார். அம்மா சரி என்றாள். ஆகட்டும், எத்தனை நாளானாலும் ஆகட்டும் என்றாள். அவ்வளவுதான். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, டீ போடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா மீன் குழம்பு வைத்தாள். எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை, அவசரப்படுத்தக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னாள்.

அந்த மாதம் முழுக்கச் சாயங்கால ஜெபத்தில் அம்மா அதிகம் பேசவில்லை. முழங்காலில் இருப்பாள், வாய் அசையாது. வார்த்தையில்லாமலும் கடவுளிடம் இருக்கலாம் என்பதை நான் முதலில் கண்டது அந்த நாட்களில்தான். இன்று விக்ரோலியில் என் வீட்டில், வேலைக்குப் போகும் அவசரத்தில் இரண்டு நிமிஷம் சும்மா முழங்காலில் இருக்கும்போதெல்லாம், அதைத் தந்ததற்காக அந்தச் சந்துக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, நாங்கள் கோயிலுக்குக் கிளம்பி வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது மாமி தன் வாசலுக்கு வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. கண்கள் சிவந்திருந்தன.

“போய்ட்டு வாங்க மைனி” என்றார்.

கோயிலில் போதகர் அழைத்ததும் அம்மா எழுந்தாள். பலிபீடத்தின் முன் முழங்காலில் நின்றவளைப் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுள் அம்மாவை மன்னித்துவிட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் தைரியமாக உண்மையைச் சொன்னதால்தான் இவ்வளவும் நடந்தது என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது சந்தோஷம்தானே என்று அவள் காதில் கேட்டேன். அவள் என் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். என் நெற்றியில் ஈரம் பட்டது. எல்லாம் சரியாகிவிட்ட பிறகு இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எதிர்வீட்டில் இன்னும் எதுவும் சரியாகவில்லை என்பதும், வலி அப்படியே இருக்கும்போதே ஒருத்தி வாசலுக்கு வந்து எங்களை அனுப்பிவைத்தாள் என்பதும் அம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.