சங்கு ஊதாத மத்தியானம்

இன்று ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. அந்தத் தீய்ந்த வாசனையில், இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸின் சமையலறை எழும்பி வந்தது.

மாதா கோயில் மணி அங்கே கேட்காது என்பதால், அப்பா வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் மத்தியானச் சங்கையே அம்மா ஜெபத்துக்கு மணியாக வைத்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியதும், கையில் கரண்டியோ சோப்பு நுரையோ எது இருந்தாலும் அப்படியே நின்று, உதடு மட்டும் அசைய ஜெபிப்பாள், குழம்பு தீய்ந்தாலும் அடுப்புப் பக்கம் திரும்பமாட்டாள். தீய்ந்ததை நாங்கள் பேசாமல் சாப்பிடுவோம். கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டிருந்த அப்பா மட்டும், "உன் சாமிக்கு மூக்கு கிடையாதா?" என்பார்.

ஒருமுறை வேலைநிறுத்தம் நீண்டுகொண்டே போய், சம்பளம் இல்லாமல், அடுப்பில் வெறும் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சங்கும் ஊதவில்லை. வெளியே நிழல் சுவரோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்து அம்மா எழுந்து நின்றாள்.

"அதான் சங்கு ஊதலையேம்மா" என்றேன்.

"அதுக்கு? ஆண்டவருமா ஸ்ட்ரைக்குல இருக்காரு?"

தரையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

அவர்கள் முடிக்கும்வரை, அந்தக் கஞ்சி அடிப்பிடிக்காமல் நான் கிண்டிக்கொண்டே இருந்தேன்.