உடையாத நீலக் கோடு

காதுக்காரர் எந்த வண்டியையும் பார்ப்பதற்கு முன்னால் கேட்டுவிடுவார். தெருமுனையில் திரும்பும்போதே, "பிரேக் கட்டை தேஞ்சுபோச்சு, இரும்போட இரும்பு உரசுது" என்பார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே இருக்கும். ஒரு ஸ்கூட்டர் வந்தால் செயின் தளர்ந்திருப்பதை மட்டுமல்ல, ஓட்டிவருகிறவர் வீட்டில் யாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறார் என்பதையும் சொல்லிவிடுவார் என்று கேலி பேசுவார்கள். அவருக்கு அந்தக் கேலி பிடிக்கும். பிடிக்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பட்டறை அவருடையது. கூட வேலை பார்த்தவன் மனைவியின் தம்பி. மைத்துனன் என்று சொல்லிக்கொண்டாலும் கூடப்பிறந்தவன் கணக்குதான். இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டிய ஒரே குழியில் இறங்கி, ஒரே ஸ்பேனரை மாற்றி மாற்றி வாங்கி, ஒருவர் வாயில் வரவேண்டிய வார்த்தையை இன்னொருவர் சொல்கிற அளவுக்குப் பழகியிருந்தார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். எந்த நட்டை இறுக்கினாலும், இறுக்கிய கையோடு நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு பெயிண்ட் கோடு இழுக்க வேண்டும். பிறகு நட்டு தளர்ந்து சுழன்றால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம், ஸ்பேனர் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. வீட்டுக் கதவுக்கு அடித்தது போக மிஞ்சிய நீலப் பெயிண்ட் டப்பா அதற்காகவே குழியின் மூலையில் இருந்தது. கோடு போடாமல் ஒரு வண்டியும் குழியை விட்டு வெளியே போனதில்லை. இரண்டு பேருக்கும் அது பல் தேய்க்கிற மாதிரி பழகிப்போன வேலை.

போன வருஷம் ஒருநாள் ஜாக்கி நழுவியது. காதுக்காரர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்திருந்தார். சக்கரம் அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் தொம்மென்று இறங்கியது. மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி அதை வாசலில் நின்று பார்த்தாள். தூக்குவாளி கையிலிருந்து விழுந்து உருண்டது. அவர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "ஒன்னும் ஆகலையே, எதுக்கு இப்படி நடுங்குற?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. தண்ணீர் குடித்தது மாதிரி மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஊரில் ஓடுகிற வண்டியெல்லாம் என்ன நினைக்கிறது என்று தெரிந்த மனுஷனுக்கு வீட்டுக்காரி என்ன நினைக்கிறாள் என்பது தெரியவில்லை.

சில மாதங்களாக மனைவி அவரிடம் சத்தம் போட்டுப் பேச ஆரம்பித்திருந்தாள். "சாப்பிட வாங்க" என்பது பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து அழைப்பது போல இருக்கும். "ஏன் கத்துற?" என்றால், "நான் எப்பவும் போலத்தான் பேசுறேன். உங்களுக்குத்தான் முன்ன மாதிரி காது கேக்கிறதில்ல" என்பாள். மைத்துனனும் சொன்னதையே இரண்டு தரம் சொல்வான். முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் கூட இருக்கிற இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவருக்கும் வந்தது. குளிக்கும்போது காதுக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மருந்துக்கடைக்காரரின் பழைய எஸ்யூவி வந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அடியில் டங்கென்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு டங். காதுக்காரர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் நீள ஷாஃப்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். பின்பக்க இணைப்பில் இருக்கும் கிராஸ் என்கிற சிலுவை வடிவ இரும்பு, ஆடுகிற பல் மாதிரி ஆடியது. கழற்றினால் உள்ளே ஊசி பேரிங் எல்லாம் துருப்பிடித்துப் பொடியாகியிருந்தது. புதுசு போட்டார். அப்படியே நடுவில் கியர்பாக்ஸைத் தாங்குகிற ரப்பரையும் பார்த்து, அதன் போல்ட்டுகளை இறுக்கி, எல்லாவற்றுக்கும் நீலக் கோடு இழுத்தார். ஓட்டிப் பார்த்தார். சத்தம் சுத்தமாக இல்லை. மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளும்படி மருந்துக்கடைக்காரருக்குச் சொல்லிவிட்டார்.

வண்டியை எடுத்துப்போனவர் அன்றைக்கே திரும்பி வந்தார். "அண்ணே, சத்தம் அப்படியேதான் இருக்கு."

காதுக்காரரும் மைத்துனனும் ஏறி ஓட்டிப் பார்த்தார்கள். டங்.

"நடுவுலேருந்து வருது மாப்ளே" என்றார்.

மைத்துனன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "பின்னாடிலேருந்து வருது மாமா. உங்களுக்கு நடுவுல கேக்குதா?"

குழியில் இறங்கி டார்ச் அடித்தார். நடுவில் எல்லாக் கோடும் நேர்கோடு. ஒன்றுகூட உடையவில்லை. தான் வைத்த சட்டமே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் என்ன செய்வது? காதை நம்புவதா, கோட்டை நம்புவதா? கோட்டை நம்பினார். பின்சக்கர அச்சின் நடுவில் குடம் மாதிரி இருக்கும் பெட்டியைத் திறந்து, பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஒரு குறையும் இல்லாமல் மறுபடி மூடினார். சத்தம் போகவில்லை. வண்டி பட்டறையிலேயே நின்றது.

அன்று வீட்டில் மனைவி சோறு போட்டபடி சொன்னாள், "போதுங்க. கல்லாவுல உக்காந்து பாத்துக்கிட்டா ஆகாதா? குழியில தம்பி இறங்கட்டும்." மைத்துனன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

காதுக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். "இந்த ஒரு சத்தம். இத நான் கண்டுபிடிக்கலேன்னா இனிமே குழியில காலை வைக்க மாட்டேன்" என்றார். சொன்னால் சொன்னதுதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை அவர் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மைத்துனன் வேறு ஒரு வண்டிக்கு சாமான் வாங்கப் போயிருந்தான். மருந்துக்கடைக்காரர் வண்டி என்ன ஆயிற்று என்று கேட்க வந்தார். காதுக்காரர் அவரையே ஓட்டுகிற சீட்டில் ஏற்றினார். "பிரேக்கை நல்லா அமுத்திக்குங்க தம்பி. கிளட்சைக் கொஞ்சமா விட்டு முன்னாடி இழுக்க விடுங்க. அப்புறம் ரிவர்ஸ்ல அதே மாதிரி. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்." குழியில் இறங்கி நின்று, கியர்பாக்ஸுக்கு அடியில் குறுக்காகப் போகிற இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தார். காதுதான் போய்விட்டதே, கையாவது சொல்லட்டும் என்றுதான்.

முன்னால் இழுத்தபோது கியர்பாக்ஸ் ஒரு பக்கம் எழும்பியது. ரிவர்ஸில் திரும்ப உட்கார்ந்தது. டங்கென்று உள்ளங்கையில் அடித்தது.

நடுவில்தான். அவர் சொன்ன அதே இடத்தில்.

சந்தோஷத்தில் கத்தவிருந்தார். ரப்பரைத் தாங்குகிற நட்டைத் தொட்டார். ஸ்பேனர் தேவைப்படவில்லை, விரலாலேயே சுழன்றது. பக்கத்து நட்டும் அப்படியே. பிறகுதான் டார்ச் வெளிச்சத்தில் கோட்டைப் பார்த்தார். தொடாத மூன்றாவது நட்டின் மேல் நீலக் கோடு நேராக, அழகாக இருந்தது. அந்த நட்டையும் லேசாக அசைத்தார். அதுவும் தளர்ந்துதான் கிடந்தது.

தானாகத் தளர்ந்த நட்டில் கோடு உடைந்திருக்கும். தளர்ந்த நட்டில் கோடு உடையாமல் இருக்க வேண்டுமானால், தளர்த்திய பிறகு அதை யாரோ போட்டிருக்க வேண்டும். உற்றுப் பார்த்தால் பழைய கோட்டைத் துணியால் துடைத்த நீலக் கறை ஓரத்தில் தெரிந்தது. திருட வந்தவன் போகும்போது வீட்டைப் பெருக்கிவிட்டுப் போனது மாதிரி இருந்தது. தளர்ந்த நட்டுக்குக் கோடு போடுகிற பைத்தியக்காரன் உலகத்தில் எங்கேயும் இல்லை. கோடு போடாமல் குழியை விட்டு ஏற முடியாத கை ஒன்றுக்குத்தான் அந்தப் புத்தி வரும். அந்தக் கையோடு அவர் இத்தனை காலம் ஒரே டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்த்திருக்கிறார்.

ஷாஃப்ட் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். அவை கல் மாதிரி இறுகியிருந்தன. யார் உயிருக்கும் ஆபத்து வராத இடமாகப் பார்த்துத் தளர்த்தியிருக்கிறான். அந்த அளவுக்கு யோசித்துச் செய்திருக்கிறான் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னண்ணே, கிடைச்சுதா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

காதுக்காரர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். உண்மையைச் சொன்னால் வீட்டு மானம் தெருவில் போகும். "கிடைச்சுது தம்பி. நான்தான் போல்ட்டைச் சரியா இறுக்காம விட்டிருக்கேன். என் தப்பு" என்றார்.

"விடுங்கண்ணே. வயசாகுதுல்ல" என்றார் மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார். காதுக்காரர் குழிக்குள் நின்றபடி அதையும் வாங்கிக்கொண்டார். நட்டுகளை இறுக்கினார். கோடு போடவில்லை. வண்டி சத்தமில்லாமல் வெளியே போனது.

மைத்துனன் சாமான் பையோடு வந்து, வண்டி இல்லாததைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"வாடா" என்றார் காதுக்காரர். அவனை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "கோடு ரொம்ப நல்லா போட்டிருந்த. கொஞ்சங்கூட வளையல."

அவன் பையைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. அது ஒன்றுதான் அவன் செய்த மரியாதை.

"என் காதுல பூச்சுத்த உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு? கேக்குதா, கேக்கலையான்னு நான் எனக்குள்ளயே செத்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தியே!"

"மாமா... சத்தியமா உங்களை விரட்ட இல்ல. அன்னைக்கு ஜாக்கி நழுவுனதுலேருந்து அக்கா தூங்குறதே இல்ல. அவங்க நேராச் சொன்னாலும் நீங்க குழியை விடமாட்டீங்க. காது போச்சுன்னு நீங்களே நம்பினாத்தான் விடுவீங்கன்னு..."

"யாரு சொன்னா?"

அவன் தலை குனிந்தது.

"யாருடா சொன்னது?"

"அக்காதான்."

காதுக்காரர் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். மைத்துனன் செய்த வேலை என்பதைக் குழியிலேயே கண்டுகொண்டார். அதை எப்படியோ விழுங்கியும் இருந்தார். இது உள்ளே போகவில்லை. வீட்டில் அவள் கத்திப் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் ஒத்திகை பார்த்துப் பேசியதா? குளியலறையில் காதை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவள் கதவுக்கு அந்தப்பக்கம்தானே இருந்தாள்? ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறது என்று நேராகச் சொல்லி அழுதிருந்தால் அடுத்த நிமிஷம் சாவியைக் கொடுத்திருப்பார். சிரித்து ஒதுக்கியிருப்பார் என்று அவள் நினைத்தாள் போலிருக்கிறது. அப்படியும் செய்திருக்கக்கூடியவர்தான். ஆனால் அதற்காக, அவரிடம் இருந்த ஒரே சொத்தைப் பிடுங்குவதா?

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அவள் கிசுகிசுத்தாள். இருந்தும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்து விழுந்தது.

"நான்தான்னு ஏன்டா சொன்ன?... அழாத... அவருகிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுவேன்..."

அவர் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு சத்தமும் தப்பவில்லை. அடுப்பில் மூடி ஆடுவது, குழாயில் சொட்டு விழுவது, அவள் மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

கதவு திறந்தது. அவள் வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு, முன்பெல்லாம் பேசுகிற தாழ்ந்த குரலில், "என்னங்க" என்றாள்.

அவருக்கு நன்றாகக் கேட்டது. காது கேட்காதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.