ஜூன் முடியட்டும்

சந்திரகலாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். உடம்பில் சூடு என்றாள் ஒருத்தி. பேக்டரியில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நிற்கிறவளுக்கு எங்கே தங்கும் என்றாள் இன்னொருத்தி. நாகதோஷம் என்று முடித்தார் கோயில் பக்கத்து ஜோசியர். உண்மையான காரணம் அவள் வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, காப்பி ஆறிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் ஜெயராஜ். கலாவின் புருஷன்.

ஜெயராஜ் பகலில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. சாயங்காலம் லண்டன் சட்டப் படிப்புக்கு டியூசன் போகிற மாணவன். கிராணி வேலை பார்த்த நம்மாட்களில் பாதிப் பேருக்கு அந்தக் காலத்தில் இந்த ஆசை உண்டு. தப்பில்லை, படித்து மேலே போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஜெயராஜின் அம்மா இராஜம்மா, மகன் முதல் பரீட்சைக்கு உட்காருமுன்பே 'எங்க லாயர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பிறக்குமுன் பேர் வைப்பது என்பார்களே, அந்தக் கதை. மஸ்ஜித் இந்தியா தையல்கடையில் கறுப்புக் கோட்டுகூடத் தைத்தாகிவிட்டது. 'லாயருக்குப் படிக்கிற மாப்பிள்ளை' என்ற அந்த ஒரு வார்த்தையில் சொக்கிப்போய்த்தான் பண்டமாரானில் இருந்த துறைமுகத் தொழிலாளி தம்புசாமி தன் மகள் சந்திரகலாவைக் கொடுத்தார். அது 1979.

கல்யாணமான முதல் மாதமே ஜெயராஜ் விஷயத்தை எடுத்தான்.

"கலா, வர்ற ஜூன்ல பரீட்சை. வீட்டுல பிள்ளை அழுதா நான் எப்படிப் படிக்கிறது? பாஸ் பண்ணிட்டுப் பெத்துக்கலாம்லா. ஒரே வருஷம்தான்."

கலாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவளும் சுங்கைவேயில் மின்னணுச் சாமான் செய்கிற பேக்டரியில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. லைன் லீடர் ஆக வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. சரி என்று தலையாட்டினாள். ஜெயராஜே கிளினிக்குக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தான். வீடு திரும்புகிற வழியில் ஒரு புத்தியும் சொன்னான்: "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா தினமும் சண்டை. அப்புறம் நான் படிச்ச மாதிரிதான்."

அந்த ஜூன் வந்தது, போனது. தேறவில்லை. அடுத்த ஜூன். அப்போதும் இல்லை. அதற்கடுத்த ஜூனில் ஒரு பாகம் தேறி, வீட்டில் கோழி அடித்து விருந்து நடந்தது. மிச்சப் பாகத்துக்கு மறுபடியும் ஜூன். ஜனவரி தொடங்கினால் பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைப் பேச்சே கூடாது. ஆகஸ்டு வரைக்கும் ரிசல்ட் கவலை. நடுவில் ஆடி வந்தால், சித்திரையில் பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்று மாமியார் மருமகளைப் பண்டமாரானுக்கு அனுப்பிவிடுவாள். மாத்திரை விழுங்குகிறவளுக்கு எந்த மாதம் வந்தால் என்ன? அதைச் சொல்ல முடியுமா? கலா பையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குக் கிள்ளான் பஸ் ஏறுவாள். ரிசல்ட் வந்தபிறகு ஜெயராஜுக்கு மனசு சரியிருக்காது. மனசு சரியாகிறபோது புது வருடம் பிறந்துவிடும். மகராசன், பிள்ளை பெறுவதற்கு ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்கவில்லை.

கலாவின் பக்கத்தில் மட்டும் காரியம் ஓடிக்கொண்டிருந்தது. லைன் லீடர் ஆனாள். பிறகு சூப்பர்வைசர் ஆனாள். மேனேஜர் மிஸ் வோங் ஒவ்வொரு பதவி உயர்வின்போதும் அவள் தோளைத் தட்டி, "கலா, இந்த வருஷம் பேபி வேண்டாம் லா, ஓகே?" என்பாள். கலா சிரித்துக்கொண்டே ஓகே சொல்வாள். உள்ளுக்குள் எரியும். தன் வயிற்றைப் பற்றி முடிவெடுக்க இத்தனை பேருக்கு நேரம் இருக்கிறதே, தனக்குத்தானே இல்லை என்று எரியும்.

இதற்குள் ஊர் அவளை மலடி என்றே தீர்மானித்துவிட்டது. வளைகாப்புக்குப் போனால் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். இராஜம்மா பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்: தொடர்ந்து மூன்று தைப்பூசம் மருமகள் பால்குடம் எடுப்பாள், அவன் ஒரு பிள்ளையைக் கொடுக்க வேண்டும். கலா புருஷனைப் பார்த்தாள். ஜெயராஜ் தலையைக் குனிந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

முதல் நாள் மாத்திரையைப் போட்டுவிட்டு மறுநாள் பிள்ளை வரம் கேட்டுப் படியேறுகிறவளை எங்கேயாவது கண்டதுண்டா? கலா ஏறினாள். மஞ்சள் புடவை, தலையில் பால்குடம், வெயிலில் கால் சுட்டது. பக்கத்தில் ஜெயராஜ், ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், இன்னொரு கையில் அவள் செருப்பு. கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்க வேல் வேல் என்று கத்திக்கொண்டு வந்தவன் அவன்தான். பார்த்தவர்கள் என்ன பாசம் என்று உருகிப்போனார்கள். சந்நிதியில் நின்றபோது கலாவுக்குப் பொய் வேண்டத் தெரியவில்லை. 'முருகா, எனக்குப் பிள்ளை வேண்டாம். இந்த மனுசனுக்குப் பாஸ் குடு. அது கிடைச்சா இது தானா வந்துடும்' என்றுதான் வேண்டிக்கொண்டாள். மூன்று வருடமும் அதே வேண்டுதல். முருகன் இரண்டையும் கொடுக்கவில்லை.

மூன்றாவது பால்குடம் முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இராஜம்மாவின் தம்பி சின்னையா வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பல் குத்திக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"அக்கா, செந்தூல்ல நமக்குத் தெரிஞ்ச எடத்துல ஒரு பொண்ணு இருக்கு. அமைதியான பொண்ணு. கலா கெட்டவன்னு சொல்லல. ஆனா லாயருக்கு ஒரு வாரிசு வேணாமா? இவளும் இங்கயே இருந்துட்டுப் போவட்டும்."

இராஜம்மா பெருமூச்சு விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கலா புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரும் என்று பார்த்தாள். அவன் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். சுளையில் ஒட்டிய நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தான். அந்த நாரை எடுக்கிற கவனத்தில் பாதியைப் புத்தகத்தில் வைத்திருந்தால் எப்போதோ தேறியிருப்பான் என்று கலாவுக்குத் தோன்றியது. அவளுக்கு அவன்மேல் இருந்த மரியாதை அந்த நிமிடத்தோடு போயிற்று.

"மாமா," என்றாள், "பொண்ணு பாக்கறதுக்கு முந்தி மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. புள்ள இப்ப வேணாம்னு ஏழு வருஷமா எனக்கு மாத்திரை வாங்கிக் குடுக்கறது அவருதான். செந்தூல் பொண்ணுக்கும் சேத்து வாங்குவாரான்னு கேளுங்க."

சின்னையாவின் பல்குச்சி நின்றுவிட்டது. இராஜம்மா மகனைப் பார்த்தாள். அவன் முகத்திலேயே பதில் எழுதியிருந்தது. இனி மகனுக்கு விழும் என்றுதானே நினைப்பீர்கள்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மகன் உடைத்தால் குடமே இல்லை போலிருக்கிறது. இராஜம்மா மருமகள் பக்கம் திரும்பினாள்.

"படிக்கிற புள்ள, அவன் ஆயிரம் சொல்லுவான். நீ ரெண்டு நாளு மறந்துட்டேன்னு இருந்திருக்கக் கூடாதா? பொம்பளைக்கு இதக்கூடவா சொல்லித் தரணும்? முருகனையே ஏமாத்திட்டியேடி."

கலாவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அன்று சாயங்காலமே துணியை அடுக்கிக்கொண்டு பண்டமாரான் போய்விட்டாள். தம்புசாமி மகளை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. லாயர் என்ற வார்த்தைக்கு மயங்கியவர் அவர், கேட்க அவருக்கு வாய் ஏது? மறுநாளிலிருந்து கிள்ளான் பக்கம் வருகிற பேக்டரி பஸ்ஸில் அதே வேலைக்குப் போனாள். மாத்திரையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டாள்.

ஜெயராஜ் பிப்ரவரியில் வரவில்லை. ஜூன் முடியட்டும் என்று இருந்துவிட்டான். பெண்டாட்டி இல்லாத அந்த மாதங்களில் வீடு அத்தனை அமைதியாக இருந்தது. பிள்ளைச் சத்தம் இல்லை, பெண்டாட்டி சத்தமும் இல்லை. படிக்க அதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்? ரிசல்ட் வந்தது. வழக்கம்போலத்தான். செப்டம்பரில் ஒரு நாள், இஸ்திரி போடாத சட்டையோடு பண்டமாரான் வாசலில் வந்து நின்றான்.

"வீட்டுக்கு வா கலா. அம்மாவும் கூப்பிடறாங்க."

"வரேன். ஆனா மாத்திரை கிடையாது. எப்ப பெத்துக்கறதுன்னு இனிமே நான் சொல்றேன். இப்பன்னு சொல்றேன். சம்மதம்னா பையத் தூக்குங்க."

ஜெயராஜ் பையைத் தூக்கினான். வேறு என்ன செய்வான், சட்டையைப் பாருங்கள்.

நவம்பரில் அவளுக்கு நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியான அதே வாரம், மிஸ் வோங் அவளைக் கூப்பிட்டாள். அடுத்த ஏப்ரலில் ஜப்பானில் பயிற்சி, திரும்பி வந்தால் சீனியர் சூப்பர்வைசர். வீட்டில் சொன்னபோது ஜெயராஜின் முகம் மலர்ந்தது.

"நல்ல சான்ஸ் கலா. உன் கேரியரும் முக்கியம்தானே. புள்ளைய அப்புறம் பாத்துக்கலாம், என்ன? கிளினிக்ல கேட்டா ஏதாச்சும் வழி சொல்லுவாங்க."

எட்டு வருடத்தில் அவளுக்கும் ஒரு கேரியர் இருப்பது அன்றைக்குத்தான் அவன் கண்ணில் பட்டது. கலா மறுநாள் மிஸ் வோங்கிடம் போய், பிள்ளை பெற்றுவிட்டு அடுத்த தடவை போகிறேன் என்றாள். அடுத்த தடவை உண்டா என்று தெரியாது லா என்றாள் மிஸ் வோங். அந்த இடம் இன்னொருத்திக்குப் போனது. பேக்டரிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு கலா ஒரு பாட்டம் அழுதாள். அவளுக்கு அந்த வேலையும் வேண்டியிருந்தது. யாரும் அவளிடம் கேட்கவில்லையே தவிர, அவளுக்கும் ஆசைகள் இருந்தன. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு லைனுக்குப் போனாள்.

ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. கறுப்பாக, நல்ல கனமாக, தம்புசாமியின் மூக்கோடு. கலா அதைப் பார்த்துவிட்டு, இதற்காகவா இத்தனை பேரிடம் இத்தனை வருடம் அனுமதி கேட்டோம் என்று வெட்கப்பட்டாள்.

முப்பதாம் நாள் தொட்டில் போட்டார்கள். வீடு கொள்ளாத கூட்டம். இராஜம்மா வந்தவர்களிடமெல்லாம் எல்லாம் முருகன் கொடுத்தது என்றாள். அந்த வருட ரிசல்ட்டும் முந்தின வாரம்தான் வந்திருந்தது. சின்னையா வடையைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "என்ன லாயரே, இந்தத் தடவையும் கிடைக்கலியாமே?"

ஜெயராஜ் தொட்டிலைக் காட்டிச் சோகமாகச் சிரித்தான்.

"எப்படி மாமா முடியும்? வீட்டுல புள்ள வந்துட்டா படிப்பு அவ்வளவுதான். நான் அப்பவே சொன்னேன், கலா கேக்கல."

பாவம் என்றாள் ஒருத்தி. ஆமாம் என்று தலையாட்டினார்கள் நாலைந்து பேர். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த வீட்டில் கூடத்தைத்தான் எல்லாரும் ஒத்துக்கொண்டு திட்டுவார்கள். கலா தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"பரீட்சை நடந்தது ஜூன்ல. அப்ப இவ என் வயித்துல சத்தம் போடாம இருந்தா. அதுக்கு முந்தின ஏழு வருஷம் வயித்துலகூட இல்ல. அப்பல்லாம் உங்களை யாரு படிக்க விடல?"

குழந்தை பாலுக்கு அழுதது. கலா ஜெயராஜைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இவளுக்கு நேரமாச்சு" என்றாள். அவன் எழுந்து இடம் விட்டான்.