லெப்ரகானுக்குப் பாதம் போட்ட நாள்

என் மகள் பள்ளியில் சேர்ந்து ஆறு வாரமாகியும் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் அவள் வாயை மூட வைக்க முடியாது. காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்தால் தூங்கும்வரை லொடலொடவென்று பேச்சுதான். பள்ளி வாசலைத் தாண்டினால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பர்னில், கிளேட்டனில் குடியிருந்தோம். என் கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மகளுக்கு ஐந்து வயது. மார்ச் தொடக்கத்தில் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, முழங்கால் மோவாயில் இடிக்கிற ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார். முதல் பருவம் முடிவதற்குள் குழந்தை பேசாவிட்டால் மறுபடி ஒரு வருடம் கிண்டருக்கே, அதாவது மழலையர் பள்ளிக்கே அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசிப் பாருங்கள் என்றும் சொன்னார்.

பேசிப் பார்த்தோம். என் கணவர் ரசம் ஊற்றச் சொல்வதற்கே ஆங்கிலத்தில் 'தயவுசெய்து' எல்லாம் போட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊற்றினேன். மூன்றாம் நாள் பார்த்தால் குழந்தை வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"போதுங்க இந்தக் கூத்து. இருக்கிற பேச்சும் போயிடும்."

"டீச்சர் சொன்னாங்களேம்மா..." என்று இழுத்தார் அவர்.

"டீச்சரா பெத்தாங்க?"

அன்றைக்கே வீட்டுக்குத் தமிழ் திரும்பி வந்தது, கூடவே அவள் பேச்சும் வந்தது. பள்ளியில் மட்டும் அதே கதைதான். கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் மேலே போக, இவள் மட்டும் கீழே இறங்கிப் போவாளே என்பதே எனக்குக் கவலை.

எங்களுக்கு எதிர் வீட்டில் ஓர் அயர்லாந்துக்காரி இருந்தாள். என் வயதுதான். செம்பட்டை முடி, தெருக்கோடிவரை கேட்கிற சிரிப்பு. அவளுடைய இரட்டைப் பையன்கள் என் மகளின் வகுப்பில் படித்தார்கள். ஒவ்வொரு மார்ச் பதினேழாம் தேதியும், அவர்கள் நாட்டுப் புனிதரின் நாளான செயின்ட் பேட்ரிக் தினத்துக்கு, பிள்ளைகளைக் கூப்பிட்டு விருந்து வைப்பாளாம். அந்த வருடம் அவள் கையில் மூன்று வாரக் குழந்தை, கண்ணுக்குக் கீழே கருவளையம். இந்தத் தடவை முடியாது, பையன்கள் அழுகிறார்கள் என்று தெருவில் நின்று சொன்னாள்.

"நான் செய்யறேன், எங்க வீட்ல வைக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பிறவிக் குணம். அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. ஆனால் உள்ளுக்குள் ஓர் ஆசை. பள்ளியில் வாய் திறக்காதவள் தன் வீட்டில், அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா? ஒரே ஒரு வார்த்தை போதும்.

மறுநாள் எதிர் வீட்டுக்காரி என் சமையலறையில் உட்கார்ந்து, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எனக்கு எல்லாம் சொன்னாள். ரொம்பச் சுலபமாம். கண்ணில் படுவதெல்லாம் பச்சையாக இருந்தால் பாதி விழா முடிந்தது. பச்சை ஜெல்லி, பச்சைச் சர்பத். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் மூன்றிலை வடிவம் செதுக்கி, பச்சைப் பெயின்டில் தோய்த்துப் பிள்ளைகள் காகிதத்தில் அச்சு குத்த வேண்டும். அந்த மூன்றிலையை அவள் வரைந்து காட்டியதும், "அட, நம்ம வில்வம்!" என்று கத்திவிட்டேன். சிவனுக்கும் மூன்றிலைதான் என்று சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்களுடைய புனிதரும் மூன்றிலையைக் காட்டித்தான் கடவுளைப் புரியவைத்தாராம்.

அப்புறம் லெப்ரகான். அவர்கள் ஊர்க் கதைகளில் வருகிற, முழங்கால் உயர மாயக் குள்ளன். பச்சைக் கோட்டு, சிவப்புத் தாடி. பானை நிறையத் தங்கம் ஒளித்து வைத்திருப்பான். பிள்ளைகள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு கடையில் கிடைக்கிறது. "அவன் வந்து போன அடையாளம் ஏதாவது வச்சிடு, பிள்ளைங்க சொக்கிப் போயிடும்" என்றாள். அதற்குள் குழந்தை வீரிட்டு அழ, அவள் எழுந்து ஓடிவிட்டாள். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே ஓடினாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடையாளமா? எனக்கா தெரியாது? கிருஷ்ண ஜயந்திக்கு வருடாவருடம் குட்டிக் கண்ணனை வீட்டுக்குள் நடத்திக் கூட்டி வருகிறவள் நான். கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றி எடுத்தால் குட்டிப் பாதம். மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் கால்விரல்கள். விழாவன்று மகள் பள்ளிக்குப் போனதும் மாவில் பச்சைச் சாயத்தை ஊற்றிக் கலக்கினேன். வாசற்படியில் தொடங்கி, கூடத்து லினோலியத் தரை வழியாகச் சமையலறை மேசைவரை வலது, இடது, வலது, இடது என்று போட்டுக்கொண்டே போனேன். மேசைக்கு அடியில் ஒரு பித்தளைச் சொம்பு, அது நிறையச் சாக்லேட் காசு. முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப் போயிற்று. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அவ்வளவு அழகு.

பள்ளி விட்டு வந்ததும் மகளைப் பின்பக்கமாகக் கூட்டிப்போய்ப் பச்சைப் பாவாடை கட்டிவிட்டேன். சிறிது நேரத்தில் இரட்டையர்களும் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் மூன்று பேரும், நான் சொல்லியிருந்தபடி பக்கவழியாக வந்தார்கள். பின்னாலேயே கைக்குழந்தையோடு எதிர் வீட்டுக்காரி. வெயிலில் பழுத்துக் கிடந்த பின்கட்டுப் புல்லில் மேசை போட்டிருந்தேன். பிள்ளைகள் அச்சு குத்தினார்கள். காகிதத்தில் பாதி, சட்டையில் பாதி. ஜெல்லி காலி. கூடவே உருளைக்கிழங்கு போண்டா போட்டிருந்தேன், காரம் இல்லாமல். இரண்டு தட்டும் போன இடம் தெரியவில்லை. உருளைக்கிழங்கு விஷயத்தில் அயர்லாந்துக்காரர்களுக்கும் நமக்கும் சண்டையே வராது.

என் மகள் மட்டும் மேசை ஓரத்தில் நின்றாள். ஒரு சிறுமி இவளிடம் பச்சைப் பெயின்டைக் கேட்டாள். இவள் எடுத்து நீட்டினாள், வாய் திறக்கவில்லை. "அவ பேச மாட்டா" என்று இரட்டையரில் ஒருவன் அந்தச் சிறுமியிடம் சொன்னான். கேலி இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. இன்று மழை வராது என்று சொல்வதுபோலச் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

"முன்வாசல்ல யாரோ வந்த மாதிரி இருக்கே!" என்று பிள்ளைகளைக் கிளப்பினேன். படியில் பச்சைப் பாதங்களைப் பார்த்ததும் ஒரே கூச்சல். எல்லோரும் ஷூவோடு திமுதிமுவென்று உள்ளே ஏறினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த ஊர் வழக்கம் அது. வீட்டுக்கு வந்தவர்களிடம் செருப்பைக் கழற்று என்று சொல்ல எனக்குக் கூச்சம். இரண்டு வருடமாக, யார் வந்து போனாலும் கதவைச் சாத்திவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே தரையைத் துடைப்பேன். ஒரு சின்ன உருவம் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

சமையலறையில் இரட்டையரில் ஒருவன் குந்தி உட்கார்ந்து ஒரு பாதத்தை உற்றுப் பார்த்தான்.

"இது லெப்ரகான் இல்ல. இதுல கால்விரல் இருக்கு."

"ஆமா" என்றான் மற்றவன். "லெப்ரகான் ஷூ தைக்கிறவன். ஷூ இல்லாம எங்கயும் போக மாட்டான். இது பொய்!"

எதிர் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயோ, செருப்பு தைக்கிறவனா? அதைச் சொல்லாமல் போனாளே பாவி! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாயிற்று. "பொய்! பொய்!" என்று எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். பேசாத பெண் என்ற பெயர் போதாதென்று, நாளையிலிருந்து பொய்க்கார வீட்டுப் பெண் என்ற பெயரும் என் குழந்தைக்கு வரப்போகிறது. அந்த நிமிடம் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அவன் கழட்டி வச்சிட்டு வந்தான்."

ஆங்கிலத்தில்தான். யார் பேசினார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். கதவோரத்தில், பச்சைப் பாவாடையில், என் மகள்.

"வாசல்லயே ஷூவக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தான். இது எங்க வீடு. எங்க வீட்டுக்குள்ள ஷூ போட்டுட்டு வரக்கூடாது. லெப்ரகானுக்கு அது தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

பிள்ளைகள் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். பச்சை மாவெல்லாம் ஷூ பட்டு ஈஷிக் கிடந்தது. முதலில் இரட்டையரில் ஒருவன் எழுந்து போய்ப் படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தான். பின்னாலேயே மற்ற நான்கு பேரும் போனார்கள். எதிர் வீட்டுக்காரி குழந்தையைத் தோளில் வைத்தபடியே செருப்பை உதறிவிட்டாள்.

"அப்ப அவனோட ஷூ எங்க?" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

"போகும்போது போட்டுட்டுப் போயிட்டான்" என்றாள் என் மகள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அடிக் கள்ளி!

அப்புறம் அவள் வாய் ஓயவே இல்லை. சொம்பைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், காசைப் பங்கு போட்டவளும் அவள்தான். நான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதேன். சந்தோஷத்தில் அழுவது அவ்வளவு சுகம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆறு மணிக்கு என் கணவர் வந்தார். வாசலில் கிடந்த ஷூ வரிசையைப் பார்த்து, "என்ன, நம்ம வீட்ல கல்யாணமா?" என்று கேட்டார்.

எல்லோரும் போன பிறகு அவள் கைப் பெயின்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"ஏன்டி கண்ணு, ஸ்கூல்ல மட்டும் ஏன் பேச மாட்டேங்கற?"

"அங்க கேக்கறதெல்லாம் எனக்குத் தெரியாததும்மா. இது எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் விஷயம். நாங்கள் என்னடாவென்றால் ரசத்துக்கு ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவளை அழைத்து வரப் போனேன். வகுப்பு வாசலில் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டேன். வகுப்பு மொத்தத்தின் ஷூவும் ஜோடி ஜோடியாகச் சுவரோரம் கிடந்தது. கடைசியில் குதிகால் உயர்ந்த ஒரு பெரிய ஜோடி. உள்ளே டீச்சர் வெறும் ஸ்டாக்கிங்ஸோடு நின்றுகொண்டிருந்தார். "காலையிலிருந்து உங்கள் பெண்ணின் சட்டம்தான் இங்கே" என்றார். "வாயை மூடவே மாட்டேன் என்கிறாள்." கிண்டரைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. உள்ளே இருந்து என் மகள் என் காலைப் பார்த்து, "அம்மா!" என்று அதட்டினாள்.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.