ஆற்றுக்கு முதல் கவளம்

கிள்ளான் ஆற்றங்கரையில் பழைய சரக்குத் துறை ஒன்று இருந்தது. அரிசி மூட்டையும் ரப்பர் பொதியும் கூலிகளின் முதுகில் ஏறி இறங்கிய இடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கிழத் துறைக்குப் பவுடர் பூசி, பூ வைத்து, கடைவீதி ஆக்கிவிட்டார்கள். மூட்டை அடுக்கிய கிடங்கில் கைப்பையும் சென்ட்டும் விற்றார்கள். ஆற்றில் இறங்கும் படிக்கட்டின்மேல் பலகை அடித்துச் சாப்பாட்டு மேசை போட்டார்கள். ஆற்று வாடையை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அங்கே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறினாள் பவுனம்மாள். வேறு வேலை கிடைக்காமல் வந்தவள் அல்ல. அவள் புருஷன் கன்னையா அந்தப் படிக்கட்டில்தான் போனான்.

கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவளைத் துறையில் மூட்டை தூக்கிய கன்னையாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மகள் புஷ்பவல்லி தவழ்ந்துகொண்டிருந்த சமயம், ஒரு நாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. படிக்கட்டில் அவன் சட்டையும் செருப்பும் இருந்தன. ஆற்றைத் துழாவினார்கள், உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கணும் என்றார்கள் பெரியவர்கள். அவளுடைய அண்ணன் தம்புசாமிக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"சட்டை இருக்கு, செருப்பு இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி? காத்திருந்தா ஆவி அலையும் லா" என்றான்.

பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. தாலி இறங்கியது. அந்தச் சட்டை மடித்து வைத்திருந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வீட்டில் ஒரு நாளும் சட்டை மடித்தறியாத மனுஷன் அவன். பவுனம்மாளுக்கு அது உறுத்தத்தான் செய்தது. கைக்குழந்தைக்காரியின் உறுத்தலை யார் கேட்டார்கள்?

துறைக் கூலிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளம் ஆற்றுக்கு. காலை வாரிவிடாதே தாயே என்று கொடுக்கும் லஞ்சம். ஆடி அமாவாசைதோறும் அந்தப் படியில் அவனுக்கு இலை போட்டுப் படைத்தாள் பவுனம்மாள். ஆனால் ஆற்றுக்கு ஒரு பருக்கை போடமாட்டாள். "என் புருஷனத் தின்னது பத்தாதா உனக்கு?" என்று வாய்க்கு வந்தபடி திட்டுவாள். கடைவீதி வந்ததும், வருஷத்தில் ஒரு நாள் மூலையில் ஓர் இலை போட விடணும் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தாள்.

புஷ்பவல்லியின் கல்யாணத்தில் தாம்பாளம் ஏந்தி முன்னால் நின்றது அண்ணி. பெற்றவள் தூணுக்குப் பின்னால் நின்றாள். அறுத்தவள் முன்னால் வரலாமா?

புதுக் கடைவீதியைப் பார்க்கப் பந்திங்கிலிருந்தும் ஜெஞ்சாரோமிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆற்றோர மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்தது. நரைத்த ஆள், அவன் மனைவி, பள்ளிக்கூட வயதில் இரண்டு பெண்கள். சோறு விழுந்ததும் அந்த ஆள் ஒரு கவளம் உருட்டி, யாரையும் பார்க்காமல், தடுப்புக் கம்பிக்கு அப்பால் ஆற்றில் போட்டான்.

ரசவாளியோடு வந்த பவுனம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். அவன் வலது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. துறையில் மூட்டைக் கயிறு அறுத்த விரல். அவள் மருந்து வைத்துக் கட்டிய விரல்.

"அக்கா, கொஞ்சம் ரசம்" என்றான், நிமிராமலே.

அக்காவாம்! ஊற்றினாள். ஊற்றிய கையைப் பார்த்தானோ என்னவோ, நிமிர்ந்தான். முகம் வெளுத்தது. இலையை மூடப் போனான்.

"சாப்பிட்டு எந்திரிங்க" என்றாள் பவுனம்மாள். "வருஷா வருஷம் இங்கதான் உங்களுக்குச் சோறு போடறேன். இன்னிக்குத்தான் வந்திருக்கீங்க."

"யாருங்க இது?" என்றாள் மனைவி.

"தெரியல. ஆள் மாத்திப் பேசறாங்க."

சின்னப் பெண் அப்பளம் கேட்டாள். பவுனம்மாள் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் பின்னால் போய், வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். செத்தவனுக்காகக்கூட அவள் அப்படி அழுததில்லை.

அந்த வருஷமும் ஆடி அமாவாசை வந்தது. புஷ்பவல்லி இலையும் பழமுமாக வந்து நின்றாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன சமைச்சே?"

உயிரோடு இருப்பவனுக்குப் படைப்பது பாவம். பவுனம்மாளுக்குத் தெரியாதா? ஆனால் சொல்லிவிட்டால், ஆறு கொண்டுபோன அப்பன் போய், விட்டு ஓடின அப்பன் அல்லவா மகளுக்கு மிஞ்சுவான்!

"எப்பவும் போலத்தான். வாழைக்காய்ப் பொரட்டல். இலையப் போடு" என்றாள்.

மகள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பவுனம்மாள் இலையிலிருந்து முதல் கவளத்தை உருட்டி எடுத்துக் கம்பியோரம் போனாள். முதன்முதலாக அதை ஆற்றில் போட்டாள். பாவம், செய்யாத குற்றத்துக்கு அதை இத்தனை வருஷம் திட்டியிருக்கிறாள்.