மொதலாளியை நிற்க வைத்த ரங்காத்தாள்

ரங்காத்தாளோடு பஸ் ஏறினால் சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். பல்லடத்திலிருந்து காலையில் கிளம்பும் தனியார் பஸ்ஸில் மூச்சு விட இடம் இருக்காது. அதிலும் கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக்கொண்டே இருப்பார். எல்லோரும் பேசாமல் நசுங்குவார்கள். ரங்காத்தாள் மட்டும் திரும்பி, "இதுக்கு மேல போனா எஞ்சினுக்குள்ளதானுங்க போகோணும். நீங்க முன்னால போய் வழி காட்டுங்க சாமி, பொறவால நாங்க வர்றோம்" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். கண்டக்டரும் சிரித்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தாமல் போக விசிலடிப்பார்.

ஐம்பத்திரண்டு வயதாகிறது, அந்த வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை! இருபத்தேழு வருசமாகப் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியைப் புரட்டிப் பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். துணியோடு நிறுத்திக்கொள்பவளாக இருந்தால் அவள் ரங்காத்தாளே இல்லை. முன்பு வேலை பார்த்த கம்பெனியில் யார் யார் எத்தனை நிமிசம் பாத்ரூம் போகிறார்கள் என்று மேனேஜர் ஒரு நோட்டில் எழுதிவந்தார். "எங்குளுது எழுதிட்டீங்க. உங்குளுது எத்தனைன்னு சொல்லுங்க, நான் எழுதறேன்" என்று பேனாவை நீட்டிவிட்டாள். மறுநாள் வேலை போய்விட்டது. அந்த நோட்டும் போய்விட்டது என்று அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சத்யப்பிரியா சொன்னாள்: "ரங்காக்கா, நாளையிலிருந்து நான் வரலீங்க."

இப்போதைய கம்பெனியில் ரங்காத்தாளோடு ஒரே டேபிளில் செக்கிங் பார்ப்பவள் அவள், வயிற்றில் ஆறு மாதம். செக்கிங் டேபிளுக்கு நாற்காலி கிடையாது, காலை எட்டரையிலிருந்து நின்றபடிதான் வேலை. சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையாத அளவுக்கு வீங்கிவிடும். ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் முருகவேலுக்குத் தறி ஓடுவதே வாரத்தில் பாதி நாள்தான். அவள் வேலையை விட்டால் வீட்டு அடுப்பு தடுமாறும்.

"சேரு கேட்டியா கண்ணு?"

"மூணு தடவை கேட்டனுங்க்கா. பாக்கலாமுங்க, பாக்கலாமுங்கன்னு சொல்றாங்க. உக்காந்து பாத்தா டேமேஜ் கண்ணுல படாதுன்னு மொதலாளி சொன்னாராமுங்க."

இந்த ஊர் மரியாதையில் அது ஒரு சங்கடம். 'இல்லை' என்பதைக்கூட அத்தனை பணிவாகச் சொல்வார்கள். கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தனக்குக் கிடைக்காது என்பதே புரியும். "இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான?" என்று மட்டும் கேட்டாள் ரங்காத்தாள். அவள் அதோடு நிறுத்திக்கொண்டதுதான் சத்யப்பிரியாவுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் மாலை நாலு மணிக்குக் கம்பெனியில் பூசை. மொதலாளி வெள்ளியங்கிரி தாமே கற்பூரம் காட்டி, ஒவ்வொரு மெசினுக்கும் கைப்பட குங்குமம் வைப்பார். பிறகு செக்கிங் டேபிள் பக்கத்தில், ஃபேனுக்கு அடியில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து பொரி கடலை சாப்பிடுவார். அன்றைக்குக் கடைசி மெசினுக்குக் குங்குமம் வைத்துவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் ரங்காத்தாள் உட்கார்ந்திருக்கிறாள்!

ஃப்ளோர் இன்சார்ஜ் அருண்குமார் பதறிப்போய் ஓடி வந்தான். "ஏனுங்க்கா, எந்திரிங்க! அது மொதலாளி சேருங்க!"

"தெரியுமுங்க தம்பி. அதனாலதான் நல்ல சேரா இருக்குது."

எண்பது பேரும் பொரியை மெல்வதை நிறுத்திவிட்டார்கள்.

"என்ன அம்மிணி, காலு நோவுதா?" என்றார் வெள்ளியங்கிரி.

"எனக்கில்லீங்ணா, இந்தப் புள்ளைக்குத்தான் நோவுது. உக்காந்து பாத்தா டேமேஜ் கண்ணுல படாதுன்னு சொன்னீங்களாமா?"

"ஆமா. நானும் இதே டேபிள்ல நின்னு வந்தவன்தான். உக்காந்தா கண்ணு சொக்கீரும்."

"அப்ப நீங்க நின்னு பாருங்க, நான் உக்காந்து பாக்கறேன். ஆளுக்கு இருவது பீசு. நான் ஜெயிச்சா இந்தப் புள்ளைக்குச் சேரு. தோத்தா இந்தப் புள்ளையோட நானும் நாளைக்கு வரலீங்க."

மொதலாளியை அண்ணா என்று கூப்பிட்டதற்கே சத்யப்பிரியாவுக்கு வேர்த்திருந்தது. இப்போது தரையைப் பார்க்கக் குனிந்தவள் ஒன்றைப் பார்த்தாள். டேபிளுக்கு அடியில் ரங்காத்தாளின் கை ஒரு அம்பு ஸ்டிக்கரைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்துக்கொண்டிருந்தது. முகத்தில் பயத்தின் சாயல்கூட இல்லை. பயமே இல்லாதவள் என்றல்லவா இத்தனை நாளாக நினைத்திருந்தாள்!

வெள்ளியங்கிரி சட்டைக் கையை மடித்தார். இத்தனை பேர் பார்க்கும்போது எப்படிப் பின்வாங்குவார்? வெள்ளை டி-சர்ட் கட்டைப் பிரித்து ஆளுக்குப் பாதி வைத்தார்கள். கைகள் பறந்தன. முடிந்ததும் குவியலை மாற்றிக்கொண்டார்கள்.

அவர் 'சரி' என்று ஒதுக்கியதில் ரங்காத்தாள் மூன்று அம்பு ஒட்டினாள். ஒன்றில் அக்குளில் தையல் விட்டிருந்தது. மற்ற இரண்டிலும் ஊசி ஓட்டை. அவள் குவியலில் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு டி-சர்ட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"இதென்ன அம்மிணி? நெஞ்சுல செவப்பா கறை! இது உன்ற கண்ணுக்குத் தெரியலையா?"

சத்யப்பிரியாவுக்கு உயிரே போய்விட்டது. ரங்காத்தாள் கறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கையைக் காட்டுங்ணா."

அவர் யோசிக்காமல் நீட்டினார். மூன்று விரல் நுனியிலும் பூசைக் குங்குமம். அவள் ஒரு அம்பு ஸ்டிக்கரை உரித்து, மெதுவாக, வெகு மரியாதையாக, அவருடைய ஆள்காட்டி விரலில் ஒட்டினாள்.

"கறை இங்க இருக்குதுங்க. நீங்க பாத்த இருவதுலயும் இருக்குது. அண்ணனாச்சேன்னு அதை நான் கணக்குல சேக்கலீங்க."

முதலில் சிரித்தது அருண்குமார்தான். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். வெள்ளியங்கிரி விரலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அருணு, இதுகளை வாஷிங்குக்கு அனுப்பு. அந்தப் புள்ளைக்கு ஒரு ஸ்டூல் போடு."

"ஸ்டூலுக்கு முதுகு ஏதுங்ணா?" என்றாள் ரங்காத்தாள், இன்னும் எழுந்திருக்காமல். "இந்தச் சேரே போதுமுங்க. நீங்க வாரத்துக்கு ஒருக்காத்தான உக்கார்றீங்க?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பொரியை நின்றபடி தின்றுவிட்டுப் போனார். திட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. பாக்கலாமுங்க என்றும் சொல்லவில்லை!

ரங்காத்தாள் எழுந்து சத்யப்பிரியாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். யாராவது திரும்பக் கேட்டால் உடனே எழுந்துவிடலாம் என்பதுபோல சத்யப்பிரியா நாற்காலி விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காரு கண்ணு," என்றாள் ரங்காத்தாள், அடுத்த கட்டைப் பிரித்தபடி. "நுனியில உக்காந்தீன்னா குடுத்தவங்களுக்குத் திருப்பிக் கேக்கற நெனப்பு வந்துரும்."